வீட்டு பிளம்பிங்குக்கு காப்பர் பைப்: எங்கே போடலாம், எந்த தடிமன் வாங்கணும்?

புது வீடு கட்டுகிறவர்கள் பாத்ரூம் டைல்ஸுக்காக நாலு கடை ஏறி இறங்குவார்கள். அந்த டைல்ஸுக்குப் பின்னால், சுவருக்குள்ளே போகும் பைப்பை மட்டும் பிளம்பர் எழுதிக் கொடுத்த லிஸ்ட்டை நீட்டி வாங்கிவிடுவார்கள். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே பைப் ஒழுகினால், நல்லா இருக்கும் டைல்ஸையும் சேர்த்து உடைக்கணும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்று தண்ணீர் லைன் என்றாலே பெரும்பாலும் யுபிவிசி, சிபிவிசி பைப்தான். காப்பர் என்றால் ஏசிக்குப் போகும் பைப் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால், மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைப்பவர்களுக்கு "சுடுதண்ணி லைனுக்கு காப்பர் போட்டுடலாமா?" என்ற கேள்வி வருகிறது.

போடலாம். ஆனால் வீடு முழுக்கத் தேவையில்லை. போடுகிற இடத்திலும் இரண்டு விஷயம் பார்க்காமல் போடக்கூடாது: உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது, கடைக்காரர் கொடுக்கும் பைப்பின் சுவர் எத்தனை மி.மீ. தடிமன். இந்த இரண்டில் ஒன்று தப்பினாலும் காப்பருக்குக் கொடுத்த காசு வீண்.

காப்பர் எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

குளிர்ந்த தண்ணீருக்கு காப்பர் போடுவது தடுக்கப்பட்ட விஷயம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல தலைமுறைகளாக வீட்டுக்குள் காப்பர் லைன்தான் போட்டு வந்தார்கள். ஆனால் இங்கே மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் சாதாரணத் தண்ணீருக்கு பிளாஸ்டிக் பைப்பே போதும். மூணு மாடி உயரத்தில் தொட்டி இருந்தாலும் தரைத்தளத்தில் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுதான். அதைத் தாங்க உலோகம் வேண்டியதில்லை.

சுடுதண்ணீரில் கதை வேறு. சிபிவிசி பைப் அழுத்தத்தோடு சேர்த்து 82 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. பாத்ரூமில் இருக்கும் கீசருக்கு இது தாராளம். கீசரில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, குறிப்பிட்ட சூட்டில் கரண்ட் நின்றுவிடும். சூரியனுக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால், யாரும் எடுக்காத தண்ணீர் சோலார் தொட்டியில் கொதிநிலையை நெருங்கிவிடும். திரும்பி வந்து குழாயைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர்தான் முதலில் பைப்புக்குள் பாய்கிறது. ஹீட்டரை ஒட்டிய முதல் சில மீட்டரில் பிளாஸ்டிக் பைப் வளைந்து தொங்குவதற்கும், ஜாயிண்ட் விட்டுப்போவதற்கும் இதுதான் முக்கியக் காரணம். போதாக்குறைக்கு மாடி வெயில் வேறு பிளாஸ்டிக்கை அரிக்கும். காப்பருக்கு வெயிலும் பிரச்னை இல்லை, 100 டிகிரியும் பிரச்னை இல்லை. அது உருகுவதே 1,085 டிகிரியில்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 10 மீட்டர் காப்பர் பைப் 50 டிகிரி சூடேறினால் சுமார் எட்டரை மி.மீ. நீளும். அதே நீள சிபிவிசி பைப் கிட்டத்தட்ட 3 செ.மீ. நீளும். தினமும் காலையில் நீண்டு, இரவில் சுருங்கும் பைப்பில் ஜாயிண்ட்டுகள்தான் முதலில் அடிவாங்கும்.

எனவே, சோலாரிலிருந்து பாத்ரூம் வரை வரும் சுடுதண்ணீர் லைனுக்கு காப்பர் நியாயமான தேர்வு. பட்ஜெட் இடிக்குதா? ஹீட்டரிலிருந்து மாடியில் வெயிலில் கிடக்கும் பகுதிக்காவது காப்பர் போட்டு, வீட்டுக்குள் இறங்கிய பிறகு சிபிவிசிக்கு மாறலாம். இரண்டையும் இணைக்க பித்தளை மரை வைத்த அடாப்டர் கடைகளிலேயே கிடைக்கிறது.

காப்பர் போடவே கூடாத ஓர் இடமும் இருக்கிறது: ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வரும் குடிதண்ணீர் லைன். உப்பெல்லாம் நீக்கப்பட்ட அந்தத் தண்ணீர் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆர்ஓவுக்குப் பிறகு பிளாஸ்டிக் டியூப்தான்.

முதலில் தண்ணீரை டெஸ்ட் பண்ணுங்க

களிம்பு பிடித்த செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் பளிச்சென்று ஆகிறது? புளியில் இருக்கும் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைத்து எடுத்துவிடுகிறது. புது காப்பர் பைப்பில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் உள்சுவரில் இதேபோல மெல்லிய படலம் ஒன்று படியும். பாத்திரத்தில் கறையாகத் தெரியும் அதுதான் பைப்புக்குக் கவசம். தண்ணீர் அமிலத்தன்மையோடு இருந்தால் அந்தக் கவசம் நிற்காது. பைப்பை தினமும் உள்ளேயிருந்து புளி போட்டு விளக்குவது மாதிரிதான்.

ஆகவே பைப் வாங்கும் முன் தண்ணீரின் பிஎச் அளவு தெரியணும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது 6.5 முதல் 8.5 வரை. 6.5-க்குக் கீழே இருந்தால் காப்பர் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. 7-க்கு மேல் இருந்தால் இந்த விஷயத்தில் நிம்மதி.

போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் பிஎச்சோடு நிறுத்தக்கூடாது. கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், மொத்த உப்பு எனப்படும் டிடிஎஸ் எல்லாவற்றையும் பார்க்கணும். கடினமான கிணற்று நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைந்திருந்தால், காப்பர் பைப்பில் சீராகத் தேயாமல் ஊசி குத்தினது போல் அங்கங்கே ஓட்டை விழும். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, பைப்பும் தரமானதுதான், ஆனாலும் சுவரில் ஈரம் கசிகிறது என்ற புதிருக்குப் பல இடங்களில் விடை இதுதான்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டி தண்ணீரைப் பரிசோதிக்கலாம். தனியார் ஆய்வகங்களும் உண்டு. பைப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வருஷத்தில் பாதி நாள் குழாய்த் தண்ணீர், பாதி நாள் போர் அல்லது லாரித் தண்ணீர் என்று மாறி மாறி ஓடும் வீடுகளில், இருப்பதிலேயே மோசமான தண்ணீரை வைத்து முடிவெடுங்கள்.

கே, எல், எம்: மூணும் ஒரே பைப் மாதிரிதான் இருக்கும்

காப்பர் பைப்பில் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் பி88 பிளம்பிங் பைப்பை கே, எல், எம் என்று மூன்று ரகமாகப் பிரிக்கிறது. இந்த எழுத்துகள் இங்கேயும் கடைகளில் புழங்குகின்றன. மூன்றுக்கும் வெளிவிட்டம் ஒன்றுதான். மாறுவது சுவரின் தடிமன் மட்டும். தடித்தது கே, நடுத்தரம் எல், மெல்லியது எம்.

அரை இஞ்ச் பைப்பை எடுத்துக்கொள்வோம். கே ரகத்தின் சுவர் 1.24 மி.மீ., எல் 1.02 மி.மீ., எம் 0.71 மி.மீ. மூணையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரே ஃபிட்டிங் மூணுக்கும் பொருந்தும். கடைக்காரர் எல் என்று சொல்லி எம் கொடுத்தால், வேலை முடியும் வரை யாருக்கும் சந்தேகமே வராது.

கண்டுபிடிக்க சுலபமான வழி தராசு. அரை இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்கு கே ரகம் சுமார் 510 கிராம், எல் 420 கிராம், எம் 300 கிராம் எடை இருக்கணும். மூணு மீட்டர் நீளம் வாங்கினால் எல் ரகம் ஒன்றேகால் கிலோவைத் தாண்டணும். 900 கிராம்தான் காட்டுகிறது என்றால் அது எம். முக்கால் இஞ்ச் என்றால் மீட்டருக்கு எல் சுமார் 680 கிராம், எம் 490 கிராம். பைப் முனையில் வெர்னியர் காலிப்பர் வைத்துப் பார்ப்பது இன்னும் துல்லியம். ஆனால் முனை அறுத்த இடத்தில் பிசிர் இருந்தால் அளவு ஏமாற்றும், அதைத் தேய்த்துவிட்டு அளக்கணும்.

நேரான பைப்பில் அச்சடித்திருக்கும் எழுத்தின் நிறமும் ஓர் அடையாளம். கே பச்சை, எல் நீலம், எம் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எடையையும் பார்ப்பதே பாதுகாப்பு. இந்தியாவில் பிளம்பிங் காப்பர் குழாய்க்கென்றே ஐஎஸ் 14810 என்ற தரநிலை இருக்கிறது. பில்லில் தரநிலையின் எண்ணையும், சுவர் தடிமனை மி.மீ. கணக்கிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஹெவி", "மீடியம்" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து பிற்பாடு எதையும் கேட்க முடியாது.

சரி, எதை வாங்குவது? சுவருக்குள் புதைக்கும் சுடுதண்ணீர் லைனுக்கு எல். இதில் பேரம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும்படி சுவருக்கு வெளியே ஓடும் லைன், தண்ணீரும் நல்ல தண்ணீர் என்றால் எம் போதும். ஒழுகினாலும் உடைக்காமல் மாற்றிவிடலாம். கே ரகம் மண்ணுக்கடியில் போகும் லைனுக்கானது. சாதாரண வீட்டுக்குள் அதைப் போடச் சொன்னால் தேவையில்லாத செலவு.

காப்பரின் விலை லண்டன் உலோகச் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குவது. 2024 மே மாதம் அங்கே ஒரு டன் 11,000 டாலரைத் தாண்டியது. வாங்குபவர் உண்மையில் பணம் கொடுப்பது எடைக்குத்தான். அதனால் இரண்டு கடையின் விலையை ஒப்பிடும்போது மீட்டர் விலையைப் பார்க்காமல் கிலோ விலையாக மாற்றிப் பாருங்கள். "அவன் கடையில மீட்டருக்கு இவ்வளவு கம்மி" என்பதன் ரகசியம் பல நேரங்களில் அப்போதே உடைந்துவிடும்.

ஏசி பைப்பும் பிளம்பிங் பைப்பும் ஒன்றா?

இல்லை. இது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆசாரிகளும் கொத்தனார்களும் சொல்லும் 'நூல்' கணக்கில் பார்த்தால் சட்டென்று புரியும். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஏசி பைப்பை அதன் வெளி அளவை வைத்துச் சொல்வார்கள். அரை இஞ்ச் ஏசி பைப் என்றால் வெளிவிட்டம் சரியாக நாலு நூல். ஏஎஸ்டிஎம் பிளம்பிங் பைப்பில் சொல்லும் அளவைவிட வெளிவிட்டம் ஒரு நூல் கூடுதல். அரை இஞ்ச் பைப்புக்கு வெளி அளவு அஞ்சு நூல், முக்கால் இஞ்ச்சுக்கு ஏழு நூல், ஒரு இஞ்ச்சுக்கு ஒன்பது நூல்.

ஆக, ஏசி வேலையில் மிஞ்சிய அரை இஞ்ச் சுருளை பாத்ரூமுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தால் ஃபிட்டிங்கும் சேராது, தண்ணீரும் குறைவாக வரும்.

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1057 பைப்பில் இன்னொரு வம்பு. அதில் 15 மி.மீ., 22 மி.மீ. என்று வெளிவிட்டத்தையே சொல்வார்கள். நம்ம அஞ்சு நூல் பைப் 15.88 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஒன்றின் ஃபிட்டிங் மற்றதில் உட்காராது. பைப், எல்போ, டீ எல்லாவற்றையும் ஒரே தரநிலையில், முடிந்தால் ஒரே கடையில் வாங்குங்கள். ஊர்ப்பக்கம் காப்பர் ஃபிட்டிங் எளிதாகக் கிடைக்காது என்பதால் நாலைந்து எல்போ அதிகமாக வாங்கி வைப்பது தப்பில்லை.

பெரிய பைப் போட்டால் நல்லதா?

"சைஸ் கூட்டிப் போட்டுக்கோங்க சார், தண்ணி ஃபோர்ஸா வரும்" என்பது எல்லா பிளம்பரும் சொல்வது. சுடுதண்ணீரில் இதற்கு ஒரு விலை உண்டு. காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது பைப்புக்குள் இரவெல்லாம் ஆறிப்போன தண்ணீர். அது முழுக்க வெளியேறிய பிறகுதான் சூடு வரும். எல் ரகம் அரை இஞ்ச் பைப் 15 மீட்டர் நீளத்துக்கு உள்ளே பிடிக்கும் தண்ணீர் சுமார் இரண்டேகால் லிட்டர். முக்கால் இஞ்ச் என்றால் அதே நீளத்துக்குக் கிட்டத்தட்ட 4.7 லிட்டர். குளிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இவ்வளவு தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகும்.

இன்னொரு பக்கம், சோலார் தொட்டி ஷவருக்கு மேலே மூணு மீட்டர்தான் இருக்கிறது, பிரஷர் பம்பும் இல்லை என்றால், அரை இஞ்ச் பைப்பில் 15 மீட்டர் வருவதற்குள் வேகம் செத்துவிடும். அந்த மாதிரி வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் மெயின் லைன் முக்கால் இஞ்ச், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் பிரியும் லைன் அரை இஞ்ச் என்று வைப்பது சரியான ஏற்பாடு. பிரஷர் பம்ப் இருந்தால் எதிர்ப்பக்கம் கவனிக்கணும். சுடுதண்ணீர் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் பாய்ந்தால், எல்போ திரும்பும் இடங்களில் காப்பர் உள்ளே தேய ஆரம்பிக்கும். அரை இஞ்ச் எல் பைப்பில் அது நிமிடத்துக்கு 13 லிட்டர் அளவு. ஒரு ஷவருக்குப் போதும். இரண்டு பாத்ரூமை அதே அரை இஞ்ச்சில் ஓட்டக்கூடாது.

ஜாயிண்ட்டில்தான் வீடு ஒழுகும்

நல்ல காப்பர் பைப் நடுவில் ஒழுகுவது அபூர்வம். இணைக்கும் இடத்தில்தான் பிரச்னை. பிளாஸ்டிக் பைப்புக்குப் பசை தடவிப் பழகிய பிளம்பர் எல்லாரும் காப்பரைப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் அல்ல. ஏசி மெக்கானிக்குகளுக்கு பிரேசிங் கைவந்த கலை. பிளம்பர் தயங்கினால் ஜாயிண்ட் வேலைக்கு மட்டும் அவர்களை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

குறைந்த சூட்டில் சால்டர் வைத்து இணைப்பதானால், கடையில் "ஈயம் கொடுங்க" என்று மட்டும் கேட்கக்கூடாது. தமிழில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ஈயச்சொம்பு செய்வதும் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். காரீயம் விஷம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் சால்டர் கம்பிகளில் காரீயம் கலந்தவை நிறைய உண்டு. குடிநீர் லைனில் காரீய சால்டரை அமெரிக்கா 1986-லேயே தடை செய்துவிட்டது. வெள்ளீயத்தோடு வெள்ளியோ செம்போ கலந்த, காரீயம் இல்லாத சால்டர் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய வீட்டில் ஜிஐ பைப் இருந்தால் காப்பரை நேராக அதனோடு சேர்க்கக்கூடாது. இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பு அரிக்கும். நடுவில் பித்தளை இணைப்போ, உலோகம் உலோகத்தைத் தொடாத இன்சுலேட்டட் யூனியனோ வேண்டும். காப்பர் வழியாக வந்த தண்ணீர் மறுபடி ஜிஐ பைப்புக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளணும். தண்ணீரில் கரைந்து வரும் துளிச் செம்பு துத்தநாகப் பூச்சில் படிந்து ஓட்டை போடும். ஓட்டம் இரும்பிலிருந்து காப்பருக்குப் போகலாம், காப்பரிலிருந்து இரும்புக்கு வேண்டாம்.

பூசுவதற்கு முன் எல்லா முனைகளையும் அடைத்து பிரஷர் டெஸ்ட் செய்வது கட்டாயம். வேலை செய்யும் அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்க்கணும். அதன்பிறகு ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டெஸ்ட் செய்த தண்ணீர் பைப்புக்குள்ளேயே நிற்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் தள்ளிப்போய் மூணு மாதம் ஆகிவிடும். புது காப்பரில் கவசப் படலம் படியும் முன்பே தண்ணீர் தேங்கிக் கிடந்தால், பற்றவைக்கும்போது உள்ளே வழிந்த ஃப்ளக்ஸும் சேர்ந்து அங்கேயே அரிப்பு தொடங்கும். டெஸ்ட் முடிந்ததும் நன்றாகத் திறந்துவிட்டுக் கழுவுங்கள். குடிவர நாள் ஆகும் என்றால் தண்ணீரை முழுக்க வடித்துவிடணும், அல்லது வாரம் ஒருமுறை ஓடவிடணும்.

காப்பர் சூட்டை எளிதில் கடத்திவிடும் என்பதால் மாடியிலிருந்து வரும் லைனுக்கு இன்சுலேஷன் போடாமல் விட்டால் பாத்ரூமுக்கு வருவது வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஏசிக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் குழாயே போதும். வெயில் படும் இடத்தில் அது வெடித்து உதிரும், மேலே ஒரு உறை போடணும்.

செம்புக் குடத்துத் தண்ணீர் மாதிரி இதுவும் உடம்புக்கு நல்லதா?

இந்த நம்பிக்கைக்காக மட்டும் காப்பர் பைப் போட வேண்டாம். செம்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் சில கிருமிகள் குறைவது உண்மைதான். அது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. ஓடும் பைப்பில் தண்ணீர் அவ்வளவு நேரம் நிற்பதில்லை, நின்றாலும் எவ்வளவு செம்பு கரையும் என்பது நம் கையில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை என்கிறது. ஐஎஸ் 10500 இன்னும் கறார்: ஏற்கத்தக்க அளவு 0.05 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை. அளவு மீறினால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். சுடுதண்ணீர் செம்பை இன்னும் வேகமாகக் கரைக்கும். எனவே சோலார் தண்ணீரைக் குளிக்க, பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள். காபி போடவும், குறிப்பாகக் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவும் சுடுதண்ணீர்க் குழாயில் பிடிக்க வேண்டாம்.

வாஷ்பேசினில் சொட்டு விழும் இடத்திலோ ஷவர் தலையிலோ நீலப்பச்சைக் கறை தெரிகிறதா? செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பின் அதே நிறம். தண்ணீர் பைப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அது முதல் அடையாளம். சுவரில் ஈரம் தெரியும் வரை காத்திருக்காமல் தண்ணீரை மறுபடி பரிசோதனைக்குக் கொடுங்கள். காலையில் முதலில் வரும் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு வருவதை இன்னொன்றிலும் பிடிக்கணும். முதல் பாட்டிலில் மட்டும் செம்பு அதிகம் என்றால் அது வருவது உங்கள் வீட்டுப் பைப்பிலிருந்துதான்.